ஈரம் போகும் பக்கம்

அய்யலுச்சாமி எட்டு மூட்டை மயில்துத்தம் கொண்டுவந்து இறக்கிவிட்டான் என்று சீனியம்மாளுக்குத் தெரிந்தபோது, அவள் அவனுடைய புஞ்சையில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த கருவியில் சிவப்பு எழுத்தில் பதினேழு என்று மின்னியது. சிவப்பென்றால் அந்த நிலம் வெளியிலிருந்து ஈரத்தை வாங்குகிறது. பச்சையென்றால் கொடுக்கிறது.

செய்தி சொன்னது மதினி கோமதி. களை பிடுங்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில டிராக்டர் டேங்க்ல கரைச்சு மேற்கு வரப்பு நெடுக ஊத்தப் போறாக. தெருவே சரின்னுருச்சு. உங்கிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னுட்டாக உங்க அண்ணன்."

"ஏன் மதினி?"

"நீ ஊசி பாக்குறவ. மேட்டுக்காரங்களுக்குத் தகவல் போயிருமாம்."

சீனியம்மாள் கருவியை அணைத்து மடியில் செருகிக்கொண்டாள். மார்கழி மாதம். சுற்றிலும் கம்பு இடுப்பளவு நின்றது. கதிர் பால் பிடிக்கிற நேரம். மழை கண்ணில் பட்டு நாற்பது நாளாகிவிட்டது. அடித்தாள்கள் காய்ந்து சரசரத்தன, மேல்தாள் மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று, குருவிச்செவல் ஊரில் அவள். இன்னொன்று நகரத்தில் இருக்கும் ஷாஹிதா.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு வாளி மண்ணோடு வந்து இறங்கியவள் ஷாஹிதா. ஊருக்கு அது கஞ்சிக்காலம். மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் வானம் பொய்த்து, ரேஷன் அரிசியும் பாதியாகக் குறைந்து, வீட்டுக்கு வீடு ஒருவேளைக் கஞ்சியில் உயிரைப் பிடித்திருந்தார்கள். சீனியம்மாளின் சின்ன மகளுக்குத் தலைமுடி செம்பட்டை பாய்ந்து, இழுத்தால் கையோடு வந்தது. புருஷன் பெத்துராஜ் லாரிக்குப் போய்விட்டான். வயிறு நிறைகிற எதையும் கேள்வி கேட்கிற நிலையில் அவள் அன்று இல்லை.

வாளி மண்ணில் இருந்தது ஒரு பூஞ்சை. வேரோடு ஒட்டி வாழ்வது. துவரை மாதிரி ஆழமாக வேர் விடுகிற செடி அடிமண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். இந்தப் பூஞ்சை வெள்ளை வெள்ளையாக நூல் விட்டு, அந்த ஈரத்தைப் பக்கத்திலிருக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் கடத்தும். காட்டில் தானாக வளர்கிற பூஞ்சை ஒரு முழம் இரண்டு முழம் கடத்தும். ஷாஹிதா வளர்த்தெடுத்தது வரப்பைத் தாண்டி, அடுத்த புஞ்சையையும் தாண்டிக் கடத்தியது. ஊர்க்காரர்கள் அதற்கு நூல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உரமில்லை, மோட்டார் இல்லை. துவரையும் கம்பும் கலந்து விதைத்து, ஒருகை மண்ணைத் தூவினால் போதும். மூன்றாம் வருஷம் எல்லார் வீட்டிலும் ஆடி வரைக்கும் தானியம் இருந்தது. சின்ன மகளின் முடி கறுத்து வளர்ந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த நிலம் கொடுக்கிறது, எந்த நிலம் வாங்குகிறது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. நாற்பத்தொரு புஞ்சையிலும் ஊசி நட்டு, தினமும் அளவு பார்க்கிற வேலையைச் சீனியம்மாளுக்குக் கொடுத்தபோது ஷாஹிதா வாங்கிய கையெழுத்து அதற்குத்தான். "தெரியாம இருக்கிற வரைக்கும்தான் அக்கா பங்கு போடுவாங்க" என்றாள்.

சொல்லாவிட்டாலும் ஊர் ஒரு கணக்கு வைத்திருந்தது. காட்டோடைக்குக் கிழக்கே பள்ளத்துப் புஞ்சை, இருபத்தேழு குடும்பம், அத்தனையும் கரிசல். மேற்கே மேட்டுப் புஞ்சை, பதினாலு குடும்பம், கல்லும் செம்மண்ணும். ஒரு காலத்தில் நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் அளந்து கொடுத்தது. கரிசல் பொன்னு, மேடு வறட்டுக் கல். அப்படியானால் யார் யாருக்குக் கொடுப்பார்கள்? இந்த வருஷம் பள்ளத்துக் கம்பின் அடித்தாள் காய ஆரம்பித்ததும் பேச்சு கிளம்பிவிட்டது. மேட்டுக்காரங்க உறிஞ்சுறாங்க. நம்ம மண்ணுல இருந்து அவுக பிள்ளைக வளருது. டீக்கடையில் மெதுவாகச் சொன்னதைப் பத்து நாளில் சாவடியில் சத்தமாகச் சொன்னார்கள்.

ஓடையின் மணலுக்குள் நூல் போகாது. ஓடை தொடங்குவதற்கு மேலே, அய்யலுச்சாமியின் மேற்கு வரப்பில்தான் மேடும் பள்ளமும் தொட்டுக்கொண்டிருந்தன. இருநூறு தப்படி நீளம். அதில் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினால் பூஞ்சை செத்துப்போகும். அதோடு எல்லாம் அறுந்துவிடும்.

பேச்சு முழுக்கப் பொய்யும் இல்லை. கார்த்திகைக் கடைசி வரைக்கும் கரிசல்தான் கொடுத்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் எண்கள் புரண்டுவிட்டன. மேட்டில் பதினாலு ஊசியும் பச்சை. பள்ளத்தில் இருபத்தேழும் சிவப்பு. எல்லாவற்றிலும் பெரிய சிவப்பு, இருபத்துமூன்று, சீனியம்மாளின் சொந்தப் புஞ்சையில்.

வீட்டுக்கு வந்ததும் ஷாஹிதாவுக்குப் போன் போட்டாள்.

"எனக்கு இன்னமும் விளங்கலைம்மா. மேட்டுல கல்லுதான் கெடக்கு. அங்க ஏது ஈரம்?"

"கல்லுக்குக் கீழே பாறை வெடிப்பு இருக்குக்கா. பழைய மழைத் தண்ணி அதுக்குள்ள நிக்குது. அவங்க துவரை வேர் அங்க போய்த் தொட்டுருச்சு. கரிசல்ல ஈரம் இல்லாம இல்லை. ஆனா காயக் காய அந்த மண் ஈரத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், வேருக்கு விடாது. தாகம் எந்தப் பக்கமோ ஈரம் அந்தப் பக்கம் போகும். இப்ப தாகம் உங்க பக்கம்."

"அப்ப நாளைக்கு அண்ணன் வரப்பை அறுத்தா..."

"நாலு நாள். அஞ்சாம் நாள் பள்ளத்துல ஒரு கதிர் தேறாது."

"சொல்லிருவோம்மா. உண்மையைச் சொன்னா நிறுத்திருவாக."



"அண்ணன் நிறுத்துவார். மேட்டுக்காரங்க?" என்றாள் ஷாஹிதா. "ஒரு மாசமா உறிஞ்சுறாங்கன்னு ஏச்சு வாங்கினவங்க. அவங்க கையிலயும் மண்வெட்டி இருக்கு. நியாயம் வேற அவங்க பக்கம் இருக்கு. அதோட, குடுக்கிறவங்க வாங்குறவங்க பேர் வெளியே போச்சுன்னு தெரிஞ்சா எங்க நிலையத்துல திட்டத்தையே மூடிருவாங்க. நாப்பது ஊருக்கு விதைமண் தயாரா இருக்குக்கா. அத்தனை ஊரும் பசியில கிடக்கு. நான் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன். அதுவரைக்கும் பேர் மட்டும் சொல்லாதீங்க. வேற எப்படியாவது நிறுத்துங்க."

பொழுது சாயுமுன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அய்யலுச்சாமி டிராக்டருக்குக் கீழே படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கால்களைப் பார்த்தே பேசினான்.

"கோமதி சொல்லிட்டாளா?"

"அண்ணே, நாலு நாள் பொறுங்க. ஷாஹிதாம்மா நாளைக்கு வந்து பாத்துச் சொல்லட்டும்."

"நாலு நாள்ல கதிர் பதராப் போயிரும்." வெளியே வந்து கையைத் துடைத்தான். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. "சீனி, கஞ்சிக்காலத்துல அப்பா எப்படிப் போனாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? சீக்கு ஒண்ணும் இல்லை. தன் கஞ்சியை உன் பிள்ளைகளுக்கு ஊத்திட்டு, குடிச்சிட்டேன் குடிச்சிட்டேன்னு பொய் சொன்னாரு. இன்னொரு தடவை என் வீட்டுல அப்படி ஒரு சாவைப் பாக்க மாட்டேன். எனக்கு மேட்டுக்காரங்க மேல ஒரு பகையும் கிடையாது. ஆனா என் பயிரு காயுது."

"மேட்டுனால காயலைண்ணே."

"அப்ப எதுனால?"

வாய் வரைக்கும் வந்தது. ஷாஹிதாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதைவிட அசிங்கமான ஒரு எண்ணம். சொன்னால் தன் புஞ்சையின் இருபத்துமூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரிலேயே அதிகம் வாங்குகிறவள் ஊசி பார்க்கிறவள்தான் என்று.

"உன் கருவியில என்ன காட்டுதுன்னு சொல்லு. இல்லேன்னா போ" என்றான் அய்யலுச்சாமி.

அவள் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் வரப்புக்கு ஓடினாள். டிராக்டர் ஏற்கெனவே நின்றது. டேங்க்கில் நீலத் தண்ணீர் தளும்பியது. கையில் ரப்பர் குழாயோடு அய்யலுச்சாமி. அவனுக்குப் பின்னால் பள்ளத்தெரு ஆண்கள் இருபது முப்பது பேர், சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திய பெண்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் மேட்டுக்காரர்கள் பத்துப்பேர், மண்வெட்டியும் கடப்பாரையுமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் இருளாயி. ஐம்பது வயதிருக்கும். மேட்டில் முதன்முதலில் நூல் மண்ணைத் தூவியவள். அவள் புருஷன் சோலையன் பக்கத்தில் கடப்பாரையை ஊன்றி நின்றான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.  ஒரு குழாய் திறந்தால் ஒரு மண்டை உடையும் என்று சீனியம்மாள் நினைத்தாள்.

அய்யலுச்சாமி வால்வில் கைவைத்தான்.

"அண்ணே, ஊத்தாதீங்க!" சீனியம்மாள் வரப்பில் ஏறிக் குழாய்க்கு நேரே நின்றாள். "ஊத்துனா நம்மதான் சாவோம்."

"தள்ளு சீனி."

"மேடு வாங்கலை. மேடு குடுக்குது. இன்னையோட பத்து நாளா பதினாலு புஞ்சையும் குடுக்குது. நம்ம இருபத்தேழும் வாங்குது. உங்க புஞ்சை பதினேழு வாங்குது. அத்தனையிலயும் அதிகமா வாங்குறது என் புஞ்சை. இருபத்துமூணு." வரப்புக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். "இவுகதான் நமக்குக் குடுக்குறாக. இருளாயி அக்காவும் அவுக ஆளுகளும்தான்."

பள்ளத்தெருப் பெண் ஒருத்தி அவளை அக்கா என்று கூப்பிட்டு இருளாயி அதுவரை கேட்டதில்லை. அவள் முகத்தில் ஏதும் மாறவில்லை. ஆனால் சோலையன் கடப்பாரையை மெல்லக் கீழே சாய்த்தான்.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "சம்பளம் வாங்குறவ. எழுதிக் குடுத்ததைப் பேசுறா!"

"கல்லு குடுக்குதாம், கரிசல் வாங்குதாம். கேக்குறவன் கேணப்பயலா?"

அய்யலுச்சாமி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கருவியை யாரு நம்புறது? கண்ணால காட்டு" என்றான்.

கண்ணால் காட்ட ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. தினமும் நாற்பத்தொரு புஞ்சையில் நடக்கிறவள். எலி வளை தோண்டி நூலை அறுத்த இடங்களில், பாய் அகலத்துக்குப் பயிர் தனித்துப்போய், உச்சி வெயிலுக்குள் துவண்டு விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் அகலம், இந்தப் பக்கம் ஒரு பாய் அகலம். சுத்தி முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, உரச்சாக்கைச் சொருகி, நூலை அறுத்துருவோம். யாரு அடுத்தவங்ககிட்ட வாங்கிக் குடிக்கிறாகளோ அவுக பயிரு மத்தியானத்துக்குள்ள துவண்டுரும். இடத்தை நான் காட்டலை. இந்தப் பக்கம் அண்ணன் காட்டட்டும். அந்தப் பக்கம் அவுக காட்டட்டும்."

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. கடைசியில் அய்யலுச்சாமி தன் புஞ்சையிலேயே செழிப்பான இடத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினான். இருளாயி யோசிக்காமல் காலடியில் இருந்த இடத்தையே காட்டினாள். அங்கே கம்பு பள்ளத்துக் கம்பைவிட ஒரு சாண் குட்டை. அந்த விடியற்காலையிலேயே அதன் தாள்கள் குழல்போலச் சுருண்டிருந்தன.

வெட்டி முடித்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

அதன்பிறகு காத்திருந்தார்கள். சீனியம்மாள் வாழ்க்கையில் அத்தனை நீளமான காலைப்பொழுதைப் பார்த்ததில்லை. டிராக்டர் நிழலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். மேட்டுக்காரர்கள் வெயிலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்தவர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும் ஊற்றினார்கள். ஒன்பது மணிக்கு இரண்டு சதுரத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. யாரோ சிரித்தார்கள். "மாயமந்திரம் பலிக்கலை போல."

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஊர்ந்தது. எண்கள் தப்பாக இருந்தால்? ஊசி கெட்டுப்போயிருந்தால்? அதைவிடப் பெரிய பயம், எண்கள் சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பது. மேட்டுக்காரர்கள் கையிலும் மண்வெட்டி இருக்கிறது என்று ஷாஹிதா சொன்னது நினைவுக்கு வந்தது.

பதினொரு மணி தாண்டியது. கோமதிதான் முதலில் பார்த்தாள். "என்னங்க, அதைப் பாருங்க" என்று புருஷனின் தோளைத் தொட்டாள்.

அய்யலுச்சாமி காட்டிய சதுரத்தில் ஓரத்துக் கம்பு ஒன்று தலை சாய்த்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தாள் நடுநரம்பில் மடங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. சாக்குக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்ற கம்பெல்லாம் விறைப்பாக இருக்க, உள்ளே இருந்தவை மட்டும் நனைந்த துணி மாதிரித் தொங்கின. அரைமணி நேரத்தில் அந்தச் சதுரம் முழுக்கப் படுத்துவிட்டது.

யாரும் மேட்டுப் பக்கம் திரும்பவில்லை. சீனியம்மாள்தான் திரும்பினாள். விடியலில் குழலாகச் சுருண்டிருந்த தாள்கள், உச்சி வெயிலில் விரிந்திருந்தன. பத்து நாளாக அடுத்தவனுக்குக் கொடுத்துக் கொடுத்து வதங்கிய பயிர், கொடுப்பதை நிறுத்தியதும் நிமிர்ந்துவிட்டது. அந்தச் சின்னச் சதுரம் மட்டும் கரும்பச்சையாக நின்றது. அதைச் சுற்றி மேட்டுப் புஞ்சை முழுக்கச் சுருண்ட தாள்.

அய்யலுச்சாமி கீழே உட்கார்ந்துவிட்டான். துவண்ட கம்பு ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தான்.

அந்த நேரத்தில் சோலையன் வரப்பைத் தாண்டினான். அதுவரை மேட்டுக்காரர்கள் யாரும் கேட்காமல் அந்த வரப்பைத் தாண்டியதில்லை. நேராக டிராக்டருக்குப் போய்த் தரையில் கிடந்த குழாயை எடுத்தான்.

"மொதலாளி, நீங்க கஷ்டப்பட்டுக் கரைச்சது வீணாப் போக வேண்டாம்" என்றான். "நாங்க ஊத்திக்கிடவா?"

 பள்ளத்துப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இரண்டு ஆண்கள் எழுந்தார்கள். மேட்டுப் பக்கத்தில் பத்து மண்வெட்டியும் எழுந்தன. சாலையில் ஒரு ஆட்டோ வந்து நின்று, அதிலிருந்து ஷாஹிதா புழுதியில் ஓடி வந்தாள். துவண்ட சதுரத்தையும் சோலையன் கையிலிருந்த குழாயையும் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

சீனியம்மாள் இந்தத் தடவை குழாய்க்குக் குறுக்கே போகவில்லை. போக அவளுக்கு உரிமையில்லை என்று தோன்றியது. இருளாயியைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, ஊத்தாதீகன்னு சொல்ல எனக்கு வாயில்லை. உங்க ஈரம். உங்க இஷ்டம்."

இருளாயி வரப்பின்மேல் ஏறி நின்றாள். பள்ளத்தெருக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கண்மாயில கரம்பை எடுக்கும்போது, ஒவ்வொரு வருசமும் யாரு புஞ்சைக்குப் போகுது?" என்று கேட்டாள்.

கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை அள்ளிப் புஞ்சையில் போடுவார்கள். கல் மண்ணையும் விளைய வைக்கிற மண் அது. கண்மாய்ச் சங்கத்தில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். சங்கத்தில் இருபத்தேழு பேர்தான். செயலாளர் அய்யலுச்சாமி.

"எங்க பதினாலு பேர் பேரையும் சங்கத்துல எழுதணும். வர்ற சித்திரையில மொதக் கரம்பை மேட்டுக்கு ஏறணும். மொத வண்டி, கடைசி வண்டி இல்லை. எங்க மண்ணு நல்லா இருந்தாத்தான் உங்களுக்கும் கிடைக்கும். இன்னொண்ணு." ஷாஹிதாவைப் பார்த்தாள். "ஊசி சொல்றதைத் தெனமும் சாவடியில பேரு போட்டு எழுதி வைக்கணும். யாரு குடுக்குறா, யாரு வாங்குறான்னு. ஒளிச்சு வச்சதுனாலதான் எங்களுக்குத் திருட்டுப் பட்டம்."

ஷாஹிதா ஏதோ சொல்ல வந்தாள். பிறகு தலையை மட்டும் அசைத்தாள். அந்தத் தலையசைப்புக்காக நிலையத்தில் அவள் என்ன பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது ஊருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நாற்பது ஊர்த் திட்டத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் அய்யலுச்சாமியைப் பார்த்தார்கள். அவன் கம்பைக் கீழே வைத்தான். எழுந்து வேட்டியைத் தட்டினான். அவனுக்கு இது எத்தனை கசப்பு என்று கூடப் பிறந்தவளுக்குத் தெரிந்தது.

"எழுதுறேன்" என்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இன்னைக்கே எழுதுறேன்."

சோலையன் குழாயைத் தரையில் போடவில்லை. சுருட்டி, டிராக்டர் மேலேயே வைத்தான்.

தை கடைசியில் அறுவடை. வழக்கத்தில் பாதிதான் கண்டது. மேட்டில் பாதிக்கும் குறைவு, கதிரில் மணி சின்னதாக இருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சாவடிப் பலகையில் பார்த்த பள்ளத்துக்காரர்கள் சிலர், சொல்லாமலே கம்பு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. ஊரில் ஒருவேளைக் கஞ்சி என்ற நிலை வரவில்லை. ஆனால் அய்யலுச்சாமி சீனியம்மாளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அத்தனை பேர் முன்னால், மேட்டுக்காரர்கள் முன்னால், தன்னைத் தலைகுனிய வைத்தாள் என்பது அவன் கட்சி. முந்தினநாள் சாயங்காலம் தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மதினியிடம் கேட்டானாம்.  பொங்கலுக்குச் சீர் வரவில்லை. சின்ன மகள் சடங்குக்குத் தாய்மாமன் வந்து, சபையில் மாலையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் போனான்.

சித்திரையில் கண்மாய் வற்றியது. முதல் கரம்பை மேட்டுக்கு ஏறியது. பள்ளத்தெருவிலிருந்து வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்குப் போக வேண்டும் என்று சங்கத்தில் முடிவு. சீனியம்மாள் இருளாயி புஞ்சையில் கூடையோடு நின்றாள். கறுப்பு வண்டலைச் செம்மண்ணில் பரப்பிக்கொண்டே இருவரும் பேசினார்கள்.

"உங்க ஆளுகளுக்கு அன்னைக்கு எப்படித் தெரிஞ்சதுக்கா?" என்று கேட்டாள் சீனியம்மாள். "அண்ணன் ஊத்தப் போறது எனக்கே மொத நாள்தான் தெரியும். அத்தனை வெள்ளன வரப்புல நின்னீக. தடுக்க வர்றதுக்கு யாரு சொன்னா?"

இருளாயி கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"யாரும் சொல்லலை. நாங்க தடுக்க வரலை."

"பெறகு?"

"அறுக்கத்தான் வந்தோம்." சாதாரணமாகச் சொன்னாள். "எங்க பயிரு விடியக்காலையிலயே சுருண்டுச்சு. இருபது வருசம் அந்தக் கல்லுல பாடுபட்டவளுக்கு, ஈரம் வெளிய போகுதுன்னு சொல்ல ஊசி வேணுமா? குடுக்குறதும் நாங்க, ஏச்சு வாங்குறதும் நாங்க. போதும்னுட்டு மண்வெட்டியோட கெளம்பிட்டோம். வந்து பாத்தா உங்க அண்ணன் டேங்கோட நிக்காரு. எம் புருசன் காதுல சொன்னாரு, சும்மா இருப்போம், அவுக கையாலயே அறுத்துக்கிடட்டும், பாவம் அவுகளுக்கு, பயிரு நமக்குன்னு. அதான் வாயைத் தெறக்காம நின்னோம்."

சீனியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். அந்த வரப்பில் அன்று நின்ற அத்தனை பேரிலும், அறுக்கக்கூடாது என்று நினைத்தது அவள் ஒருத்திதானா?

"பெறகு ஏன் அறுக்கலை? குழாய் உங்க கையிலதான இருந்துச்சு."

இருளாயி வண்டல் கட்டி ஒன்றை எடுத்து விரலால் பொடித்தாள்.

"எங்க அப்பன் காலத்துலருந்து, அந்த வரப்புக்கு மேற்க இருக்குறவுகளுக்கு வாங்குறவுகன்னுதான் பேரு. ரேஷன் வாங்குறவுக, நிலம் வாங்குனவுக, கடன் கஞ்சி வாங்குறவுக. நீ ஏறி நின்னு, இவுகதான் குடுக்குறாகன்னு சொன்ன. எம் மகளும் அங்க நின்னு கேட்டுக்கிட்டுருந்தா. அதுக்குப் பெறகு அறுக்க மனசு வரலை. அவ்வளவுதான்."

கண்மாய்ப் பக்கமிருந்து அடுத்த டிராக்டர் உறுமிக்கொண்டு மேடேறியது. ஓட்டிவந்தது அய்யலுச்சாமி. தங்கை நிற்பதைப் பார்த்தும் பார்க்காதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டியை அணைத்தான். வண்டல் மலைபோலக் குவிந்திருந்தது. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"எந்த எடத்துல தட்டட்டும்?" என்று கேட்டான், இருளாயியைப் பார்த்து.

இருளாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு தன் புஞ்சையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். டிராக்டர்மேல் அவன் காத்திருந்தான்.